விமானத்தின் கறுப்புப் பெட்டி

1954 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் திகதி, உரோமாபுரியிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்ட 'கொமெற்' விமானமொன்று எல்பாத் தீவுக்கு அண்மையில் வானத்திலேயே சிதறிக் கடலில் வீழ்ந்தது. அதிற் சென்ற 35 பேரும் மாண்டனர். அவ்வேளையில் அதன் தலைமை விமானி, அதே வழியிற் பறந்த வேறொரு விமானத்தோடு வானொலியிற் பேசிக்கொண்டிருந்தார். அவர் தொடங்கிய வாக்கியம் முடியவில்லை. குரல் நடுவில் அறுந்தது. கொமெற் என்பது பிரயாணிகளை ஏற்றிச்செல்ல உலகிலே முதன்முதல் அமைந்த ஜெற் விமானம். பிரித்தானியரின் பெருமைக்குரிய ஆக்கம். காரணம் அறியாத நிலையில் அவ்வின விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. பின்னர், பல திருத்தங்கள் செய்து மார்ச் மாதத்தில் மீண்டும் பறக்க விட்டார்கள். இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாகவில்லை. ஏப்பிரில் 8 ஆம் திகதி, உரோமாபுரியிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற மற்றொரு கொமெற் 21 பேருடன் கடலில் வீழ்ந்தது.

செய்த திருத்தங்களில் ஒன்றேனும் உண்மையான பிழையைத் தொடவில்லை என்பது அப்போதுதான் வெளியாயிற்று. கடலடியிலிருந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இங்கிலாந்தின் பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்திற் பொருத்திப் பார்த்தனர். முழு விமானமொன்றின் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, அதனுள் நீரை மாறி மாறி அமுக்கியும் தளர்த்தியும், பறப்பின்போது ஏற்படும் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை உண்டாக்கிப் பரிசோதித்தனர். முடிவில் அவ்வுடலின் தகடு கிழிந்தது. வளைத்து வளைத்து விடும் கம்பி ஈற்றில் ஒடிவது போல, உலோகம் களைத்து ஒடிந்ததே காரணம் எனத் துணிந்தனர். அந்த விடையைப் பெறுவதற்கு எத்தனை மாத உழைப்பு, எத்தனை கப்பல்கள், எத்தனை பொருள் வேண்டியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருந்தார்.

அவர் பெயர் டேவிட் வொறன். மெல்பேண் நகரில் அரசாங்க விமான ஆராய்ச்சிக் கூடத்தில் எரிபொருள் பற்றி ஆராயும் இரசாயன விஞ்ஞானி. கொமெற் விபத்தைப் பற்றி அங்கே நிகழ்ந்த ஆலோசனைக் கூட்டமொன்றில் அவரும் அமர்ந்திருந்தார். ஒவ்வொருவரும் ஓர் ஊகம் கூறினர். எந்த ஊகத்துக்கும் சான்று இல்லை. அதற்குச் சற்று முன்னர் வர்த்தகக் கண்காட்சி ஒன்றில் ஜெர்மனியிற் செய்யப்பட்ட 'மினிபோன்' என்னும் சிறு ஒலிப்பதிவுக் கருவியை அவர் கண்டிருந்தார். மெல்லிய உருக்குக் கம்பியிற் குரலைப் பதியும் அக்கருவி சட்டைப்பையில் அடங்கும் அளவினது. அந்த விமானத்திற் சென்ற வியாபாரி ஒருவரிடம் இப்படியொரு கருவி இருந்து, அது கடலிலிருந்து கிடைத்திருக்குமானால், இறுதிக் கணத்தில் நடந்ததை நாம் கேட்டிருக்கலாமே என்ற நினைவு அவருக்கு எழுந்தது. அப்படியானால், ஒவ்வொரு விமானத்திலும் ஒரு கருவியை வேண்டுமென்றே வைத்து, அது மாத்திரம் அழியாதபடி காப்பாற்றினால் என்ன?

வொறனுக்கு இது வெறும் ஆராய்ச்சி வினாவன்று எனக் கருத இடமுண்டு. 1934 ஆம் ஆண்டு, அவர் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த காலத்தில், தஸ்மேனியாவிலிருந்து மெல்பேண் நோக்கி வந்த 'மிஸ் ஹோபாட்' என்ற விமானம் பாஸ் நீரிணையில் மறைந்தது. மறைந்தவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். தந்தை மகனுக்கு இறுதியாகக் கொடுத்த பரிசு ஒரு சிறு பளிங்கு வானொலிப் பெட்டி என்பர். ஒலியையும் மின்சாரத்தையும் பற்றிய விருப்பம் அப்பிள்ளைக்கு அதிலிருந்தே வளர்ந்தது.

புதிய கருத்துக்கள் பிறந்தவுடன் வரவேற்கப்படுவது அரிது. வொறன் 1954 இல் தம் யோசனையை அறிக்கையாக எழுதினார்; அசைவார் இல்லை. சில ஆண்டுகளில் மாதிரிக் கருவி ஒன்றையே செய்து காட்டினார். நான்கு மணி நேரப் பேச்சையும், வேகம், உயரம் போன்ற எட்டு அளவைகளையும் அது கம்பியிற் பதிந்தது. அதற்குப் பின்னரும் அவுஸ்திரேலிய அதிகாரிகள் இதனால் உடனடிப் பயன் சிறிதே என்றனர். விமானப் படையினரோ, இதில் விளக்கத்தைக் காட்டிலும் வசைச்சொற்களே மிகுதியாகப் பதியும் எனக் கைவிட்டனர். விமானிகளின் சங்கத்தாரது எதிர்ப்பு வேறு வகையானது. தமக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றனை உட்கார வைப்பதாக அவர்கள் சினந்தார்கள். பின்னையோரின் மனக்குறை அற்பமானதன்று. அதற்கு மீளவும் வரவேண்டியிருக்கும்.

1958 ஆம் ஆண்டு அந்த ஆராய்ச்சிக் கூடத்தைப் பார்வையிட வந்த சேர் றொபேட் ஹாடிங்கம் என்னும் பிரித்தானிய அதிகாரியே இதன் பெறுமதியை உணர்ந்தவர். அவருடைய ஆதரவினால் வொறன் கருவியோடு இங்கிலாந்து சென்றார். இரண்டாண்டு கழித்து, 1960 இல், குயின்ஸ்லாந்து மாகாணத்து மக்கேயில் விமானமொன்று கடலில் வீழ்ந்து 29 பேர் இறந்தனர். காரணத்தை உறுதியாகக் காண இயலாமற்போன விசாரணை மன்று, இத்தகைய பதிவுக் கருவிகள் விமானங்களில் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. உள்ளூரிலே பிறந்த கருவிக்கு உள்ளூரில் மதிப்பு வந்தது அதன் பின்பே. பதிவுக் கருவி பற்றி எண்ணியவர் வொறன் ஒருவரே என்று கூறுவதும் பொருந்தாது. 1939 அளவிலேயே பிரான்சில் பிரான்சுவா உசனோ என்பவர் படச்சுருளிற் பறப்பின் அளவைகளைப் பதிந்துள்ளார். அமெரிக்காவிலும் உலோகத் தகட்டிற் கீறிப் பதியும் கருவிகள் இருந்தன. குரலையும் அளவைகளையும் ஒருங்கே காத்து வைக்கவேண்டும் என்று வற்புறுத்தியதே வொறனின் தனிச் சிறப்பு.

இனிக் கருவியின் அமைப்பைப் பார்ப்போம். உலகமெங்கும் 'கறுப்புப் பெட்டி' எனப் பெயர் பெற்ற இப்பொருளில் கறுப்பு என்பதே இல்லை. காட்டிலும் கடலடியிலும் கண்ணிற் படவேண்டும் என்பதற்காக அதற்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் தீட்டி, ஒளியைத் திருப்பி வீசும் பட்டிகளும் ஒட்டியிருப்பர். பொதுவாக ஒரு விமானத்தில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று குரற்பதிவுப் பெட்டி. மற்றையது பறப்புப் பதிவுப் பெட்டி.

குரற்பதிவுப் பெட்டிக்கு நான்கு செவிகள் உண்டு என்னலாம். விமானிகள் இருவரின் ஒலிவாங்கிகள் இரண்டு வழிகள். அறையின் கூரைப்புறத்தில் உள்ள பொது ஒலிவாங்கி ஒரு வழி. மற்றொரு வழி ஏனைய பணியாளர் பேச்சுக்கு உரியது. இவற்றுட் பொது ஒலிவாங்கியே ஆராய்ச்சியாளருக்குப் பெருஞ் செல்வம். ஆளித்தட்டு ஒன்று 'டிக்' என விழும் ஓசை, எச்சரிக்கை மணி, காற்றின் இரைச்சல், பொறிகளின் முழக்கம் ஆகிய யாவும் அதில் விழுகின்றன. முழக்கத்தின் சுருதியை அளந்து பொறி எவ்வேகத்திற் சுழன்றது என்று கணிக்கும் வித்தையையும் அவர்கள் அறிவார்கள்.

பறப்புப் பதிவுப் பெட்டி பேச்சைக் கேளாது, எண்களையே சேர்க்கும். முற்காலத்துத் தகட்டுக் கருவிகள் நேரம், உயரம், வேகம், திசை, மேல்கீழ் அசைவின் விசை என்னும் ஐந்தை மாத்திரம் பதிந்தன. இன்றைய பெரு விமானங்களிற் பதியப்படும் அளவைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டன. விமானி நெம்பைப் பிடித்திழுத்தாரா தள்ளினாரா, சிறகின் மடிப்பு எத்தனை பாகை திரும்பியது, எந்தப் பொறிக்கு எவ்வளவு எரிபொருள் சென்றது என்பனவெல்லாம் அதிற் காணப்படும். கம்பியும் தகடும் போய்க் காந்த நாடா வந்தது. நாடா ஓடச் சில்லும் மோட்டாரும் வேண்டும், அவை பழுதுறும். இப்பொழுது நாடாவும் போய், அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத மின்னணு நினைவுச் சில்லுகள் வந்துவிட்டன.

இத்தகைய மென்மையான சில்லு, விமானமே சுக்குநூறாகும் மோதலில் எவ்வாறு பிழைக்கின்றது? நேயர்கள் பலர் பெட்டி முழுவதும் அழியாதது என எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறன்று. மின்னிணைப்புகளும் மற்றைய உறுப்புகளும் கொண்ட வெளிப்பகுதி நசுங்கிப் போனாலும் போகட்டும் என்றே விடப்படுகின்றது. காக்கப்படுவது நினைவுச் சில்லுகள் இருக்கும் சிறு கூடு மாத்திரமே. தென்னையிலிருந்து வீழும் தேங்காயை நினைத்துக்கொள்க. புறத்தே தும்பு, அதனுள் சிரட்டை, அதனுள்ளே பருப்பு. இக்கூட்டிலும் வெளியே துருவேறா உருக்கினாலோ தைத்தேனியத்தினாலோ ஆன கனத்த ஓடு, அதனுள் வெப்பத்தைக் கடத்தாத சிலிக்காப் பொருளாலான தடித்த படை, அதற்கும் உள்ளே மெல்லிய அலுமினிய உறை, நடுவே சில்லுகள் என்ற முறை அமைகின்றது.

சில ஆக்கங்களில் வெப்பத்தைத் தடுப்பதோடு அதனை விழுங்கவும் வழி செய்திருக்கின்றனர். உலையில் நீர் உள்ளவரை பானை நூறு பாகைக்கு மேற் சூடேறாது. நீர் ஆவியாவதில் நெருப்பின் வெப்பம் செலவழிந்துவிடுகிறது. அவ்வாறே, கூட்டினுள் மெழுகு போன்ற பொருளை வைத்தால், அது உருகி முடியும் வரை சில்லுகளைச் சூடு எட்டாது. தீ நிரந்தரமாக எரியப்போவதில்லை. எரியும் நேரத்தைக் கடந்துவிட்டாற் போதும்.

பெட்டியை வைக்கும் இடமும் ஒரு பாதுகாப்பே. பெரும்பாலான விபத்துக்களில் முன்பகுதி முதலில் மோதுகிறது. முன்பகுதி நொருங்கி அடியின் வேகத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள, வாற்பகுதிக்கு எஞ்சியதே வந்து சேரும். அதனாற் பெட்டிகள் வாலிலே வைக்கப்படுகின்றன. ஆயினும் இவ்விதி எப்பொழுதும் செல்லாது. 2025 யூன் 12 ஆம் திகதி அகமதாபாத்தில் வீழ்ந்த போயிங் 787 விமானத்தில், குரலையும் அளவைகளையும் ஒருங்கே பதியும் பெட்டிகள் முன்னொன்றும் பின்னொன்றுமாக இருந்தன. வாற்புறப் பெட்டி மிகச் சிதைந்து வழக்கமான முறையிற் படிக்க இயலாதபடி ஆயிற்று. முன்புறப் பெட்டியே செய்தி தந்தது.

ஆக்கியோர் சொல்லை மட்டும் நம்பி இப்பெட்டிகளை விமானத்தில் ஏற்றுவதில்லை. சோதனை கடுமையானது. முதலாவது மோதல். புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு விசை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஆறரைப் பங்கு நேரம் தாக்கவேண்டும். சுமார் நாலரைக் கிலோகிராம் நிறையுள்ள பெட்டி அந்தக் கணத்தில் 15 தொன் நிறையுள்ளது போலாகும். அடுத்தது குத்து. 227 கிலோகிராம் பாரத்தின் அடியிற் கால் அங்குலத் தடிப்புள்ள உருக்கு முளையைப் பொருத்தி, மூன்று மீற்றர் உயரத்திலிருந்து கூட்டின்மேற் போடுவர். அதன்பின் இரண்டேகால் தொன்னுக்கும் சற்று மேற்பட்ட பாரத்தினால் ஐந்து நிமிடம் நசுக்குவர். இவற்றையெல்லாம் தாங்கிய அதே கூடு, பின்னர் 1,100 பாகை செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரம் இருக்கவேண்டும். பொன் உருகுவது 1,064 பாகையில். விமானத்தின் உடலாகிய அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். அணைந்தும் அணையாமலும் கனலும் எரிவுக்கு ஒப்பாக 260 பாகையிற் பத்து மணி நேரச் சோதனையும் உண்டு. ஈற்றிற் கடல். 6,000 மீற்றர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், அதாவது ஒரு பெருவிரல் நகமளவு இடத்தில் 600 கிலோகிராம் பாரம் அமர்ந்தாற்போல், முப்பது நாட்கள்.

கடலிற் பெட்டி பிழைத்திருத்தல் ஒரு காரியம். அதனைக் கண்டுபிடித்தல் வேறொரு காரியம். இதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் விரலளவுக்குச் சற்றுப் பெரிதான ஓர் ஒலிகாட்டி பூட்டப்பட்டுள்ளது. நீர் பட்டவுடன் அது தானே விழித்து, செக்கனுக்கு ஒருமுறை ஒலித்துக்கொண்டிருக்கும். செக்கனுக்கு 37,500 அதிர்வு கொண்ட அந்த ஒலி மனிதச் செவிக்கு எட்டாது. நீருக்குள் இறக்கும் கருவியே கேட்கும். முன்னைய ஒலிகாட்டிகளின் மின்கலம் முப்பது நாட்களுக்கே போதுமானது.

முப்பது நாள் போதாது என்பதை உலகுக்கு உணர்த்தியது 2009 யூன் முதலாந் திகதி நிகழ்ந்த விபத்து. பிரேசில் தேசத்து ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நகருக்குப் பறந்த எயர் பிரான்சு விமானம், 228 பேருடன், இரவில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவில் மறைந்தது. அது தானாக அனுப்பிய சில செய்திகள் மட்டும் கிடைத்தன. வேகம் காட்டும் கருவிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன என்று அவை கூறின. நல்ல நிலையிலிருந்த விமானம் அதனால் ஏன் விழவேண்டும்? கப்பல்களும், ஒரு பிரெஞ்சு நீர்மூழ்கியும் செவிசாய்த்துத் தேடின. ஒலி கேட்கவில்லை. முப்பது நாட்கள் கழிந்தன. தேடல் நின்றும் தொடங்கியும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

2011 ஏப்பிரில் மாதத் தொடக்கத்தில், ஆளில்லாமல் நீருக்குள் ஓடும் கருவிகள், சுமார் 3,900 மீற்றர் ஆழத்திற் சிதைவுகளைக் கண்டன. மாதக் கடைசியில் பறப்புப் பதிவுப் பெட்டியின் அடித்தட்டு அகப்பட்டது. ஆனால் நினைவுக் கூடு அதில் இல்லை. மோதலிற் கழன்று போயிருந்தது. தேடியோர் மனம் எத்தகைய நிலையில் இருந்திருக்கும்! மே முதலாந் திகதி மணலிற் கிடந்த அக்கூடு கிடைத்தது. இரண்டு நாள் கழித்துக் குரற்பதிவுப் பெட்டியும் கிடைத்தது.

இத்தகைய பெட்டியை நீரிலிருந்து எடுத்தவுடன் துடைத்து உலர்த்துவார்கள் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அதற்கு நேர்மாறானதையே செய்கின்றனர். உப்புநீரில் ஊறிய உலோகத்திற் காற்றுப் பட்டால் அரிப்பு விரைந்து தொடங்கும். ஆதலால், நீர் நிறைந்த பாத்திரத்துள் அமிழ்த்தியே ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுசெல்வர். அங்கே படைகளை ஒவ்வொன்றாக நீக்கி, கழுவி, மெல்ல உலர்த்தி, இணைப்புகளைச் சோதித்த பின்பே மின்சாரம் செலுத்துவர். ஒரு சிறு அவசரம் எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

இரண்டு பெட்டிகளும் பேசின. 35,000 அடி உயரத்தில் வேகம் அறியும் குழாய்களைப் பனிப்பளிங்கு அடைத்தது. தன்னியக்கச் செலுத்தி விலகிக்கொண்டது. விமானத்தைக் கையேற்றவர் அதன் மூக்கை மேலே உயர்த்தினார். உயர்ந்த விமானம் சிறகின் தாங்குவிசையை இழந்து விழத் தொடங்கியது. எச்சரிக்கை ஒலித்தது, எனினும் விமானிகள் தமக்கு நேர்ந்தது இன்னதென உணரவில்லை. தன்னியக்கச் செலுத்தி விலகியதிலிருந்து கடலில் மோதியது வரை நாலரை நிமிடமும் இல்லை. குழாய்கள் அடைபட்டது ஒரு நிமிடமளவான கோளாறே. இயந்திரப் பிழை சிறிது. அதனைக் கண்ட மனிதரின் திகைப்புப் பெரிது. பெட்டிகள் அகப்படாதிருந்தால் இந்த உண்மை வெளிவந்திராது. பின்னர் விமானிகளின் பயிற்சி மாற்றப்பட்டது. ஒலிகாட்டியின் ஆயுளும் தொண்ணூறு நாட்களாக உயர்த்தப்பட்டது.

ஆனால் எங்கே செவிசாய்ப்பது என்றே தெரியாவிடில் ஒலிகாட்டியினாற் பயன் என்ன? 2014 மார்ச் 8 ஆம் திகதி 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்ட மலேசிய விமானம் வழி மாறி மறைந்தது. இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் 1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடியும் காணாமல், 2017 ஜனவரியில் அத்தேடல் நிறுத்தப்பட்டது.

விமானிகளின் பழைய மனக்குறையை இனிக் கவனிக்கலாம். தொழில் செய்யும் நேரமெல்லாம் தம் பேச்சைப் பெட்டியொன்று கேட்டுக்கொண்டிருப்பதை எந்த உத்தியோகத்தரும் விரும்பார். அன்றியும், இறக்கும் மனிதரின் கடைசிச் சொற்கள் பத்திரிகைப் பரபரப்புக்கு இரையாகலாமா? இதனால் சர்வதேச விதிகள், விபத்து விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, குற்றஞ் சாட்டுவதன்று என வகுத்துள்ளன. அமெரிக்காவில் விசாரணைச் சபை குரற்பதிவின் ஒலியை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கின்றது. விசாரணைக்கு வேண்டிய பகுதிகளின் எழுத்துப் பிரதியே வெளிவரும். பதிவின் நேரமும் நெடுங்காலம் குறுகியே இருந்தது. முன்பு அரை மணி நேரம், பின்பு இரண்டு மணி நேரம். அதற்கு முந்திய பேச்சு தானாக அழிந்து, அதன்மேற் புதியது பதியும்.

அக்குறுகிய நேரத்தின் தீமை 2024 ஜனவரி 5 ஆம் திகதி வெளிப்பட்டது. அமெரிக்காவின் போட்லண்ட் நகரிலிருந்து கிளம்பிய அலாஸ்கா விமானக் கம்பெனியின் போயிங் விமானத்திற் பக்கக் கதவடைப்பு ஒன்று நடுவானிற் பிய்த்துக்கொண்டு போயிற்று. நல்வேளையாக ஒருவரும் இறக்கவில்லை. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் குரற்பதிவுப் பெட்டியின் மின்னோட்டத்தை உடனே நிறுத்தவில்லை. பெட்டி தன் கடமையைச் செய்துகொண்டேயிருந்தது; வெறும் அறையின் ஓசை, வேண்டிய பேச்சின்மேற் பதிந்து அதனை முற்றாக அழித்துவிட்டது. ஐரோப்பாவில் 2022 முதல் ஆக்கப்படும் பெரு விமானங்களுக்கு 25 மணி நேரப் பதிவு முன்னரே விதியாகியிருந்தது. அமெரிக்காவும் 2024 இல் அதனைச் சட்டமாக்கியது.

அதே ஆண்டு டிசெம்பர் 29 ஆம் திகதி, தென் கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு விமானக் கம்பெனியின் விமானம் ஓடுபாதையைக் கடந்து மோதி 179 பேர் இறந்தனர். இரண்டு பெட்டிகளும் கிடைத்தன. ஆயினும் மோதலுக்கு முந்திய ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் அவற்றில் இல்லை. பெட்டிகளுக்கு மின்சாரம் விமானத்தின் பொறிகளிலிருந்தே செல்கின்றது. அது நின்றதும் பதிவும் நின்றுவிட்டது. 2010 முதல் அமெரிக்க விதியின்கீழ் ஆக்கப்படும் விமானங்களிற் குரற்பதிவுப் பெட்டிக்குப் பத்து நிமிடம் தாங்கும் தனி மின்கலம் வேண்டும். அதற்கு முன் ஆக்கப்பட்டவற்றில் அதனைப் பூட்டும்படி அவ்விதி கேட்கவில்லை. முவானில் மோதிய விமானம் 2009 இல் ஆக்கப்பட்டது.